ஜீப்பிலிருந்து இறங்கியதும் பார்த்த பிரஷர்

தோட்டத் தொழிலாளர்களின் ரத்த அழுத்தம்தான் என் பிஎச்.டி. ஒரு மாதமாக, மலைப்பாதையில் ஏறிவரும் ஜீப்பை விட்டு அவர்கள் போடிமெட்டில் இறங்கியதுமே பிரஷர் பார்க்கிறேன். எல்லாருக்கும் அதிகம். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

இன்று ஏலக்காய் பறிக்கப் போகும் ராணி அக்கா கையை நீட்டவில்லை.

"இருங்க தம்பி. இந்த டிரைவர் அண்ணே வளைவுல ஒடிச்ச ஒடிப்புக்கு இன்னும் படபடங்குது. செத்த உக்காந்துட்டு வர்றேன்."

மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

டிரைவர் அண்ணன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "அப்ப எனக்குப் பாருங்க சார்."

நார்மல்.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ராணி அக்காவுக்கும் நார்மல். மற்றவர்களுக்கும் அப்படியே.

ஒரு மாத உழைப்பு போச்சு. ஆனாலும் யாருக்கும் நோயில்லை என்பதில் நிம்மதி.

ஆய்வுக்குப் புதுத் தலைப்பு இருந்தால் வெரசா சொல்லுங்கள். சாயங்காலம் நான் மலை இறங்குவதும் அதே ஜீப்பில்தான்.