பூசைக்கு வைத்த கொள்ளைக்காரர் கதை

இதை எழுத எனக்குப் பல வருடம் தயக்கம். சரஸ்வதி பூசைக்கு வைத்த புத்தகத்தை, எடுக்கும் நாளுக்கு முன்னே படித்தவள் நான்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். கடல் கொள்ளைக்காரர்களை நினைத்து நான் பயந்ததால், அவரே ஒரு கொள்ளைக்காரர் கதையை வாங்கித் தந்து, "இதப் படி, பயம் தெளியும்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார். கதையில் மாலுமியைக் கட்டிப்போட்ட இடத்துக்கு வந்தபோது பூசை வந்துவிட்டது. வீட்டிலிருந்த எல்லாப் புத்தகங்களோடு அதையும் அம்மன் படத்துக்கு முன் வைத்துப் பட்டுத்துணியால் மூடினேன். அஷ்டமி சாயங்காலம் வைத்தால் விஜயதசமி வரை தொடக்கூடாது. அவரிடமிருந்து நாலு நாளாகப் போனும் இல்லை.

மறுநாள் மத்தியானம் மனசு தாங்கவில்லை. "தாயே, பொறுத்துக்கோ" என்று கும்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை படித்தேன். மாலுமி தப்பித்து வீடு சேர்ந்தான்.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். நடுக்கடலில் லைன் கிடைக்கவில்லையாம். நடந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, எங்க கப்பல்ல இருக்கது சிமெண்ட். அத அடிச்சிட்டுப் போயி அவன் வீடா கெட்டப் போறான்?"

சிரித்துக்கொண்டே அழுதேன்.

கப்பலுக்கு ஆளை அனுப்பிவிட்டு இருப்பவர்கள் இந்த மாதிரிக் கதைகளைப் படியுங்கள். பூசைக்கு முன்னே முடித்துவிடுங்கள். இதை யாரிடமாவது சொன்னால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். படித்ததால் போன் வந்தது என்று சேர்க்காதீர்கள். படித்தது என் தப்பு. போன் வந்தது அம்மன் இரக்கம்.