தாத்தா பிடித்து வைத்த சீட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில், எங்கள் உக்குவளையில் நடந்தது இது. அப்போது நான் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். தினமும் காலை ரயிலில்தான் போவேன். கணவர் கத்தாரில், மகள் பல்கலைக்கழக விடுதியில். வீட்டில் நான் ஒருத்திதான்.

மாத்தளையில் புறப்படும் அந்த ரயில் உக்குவளைக்கு வரும்போதே நிறைந்திருக்கும். ஆனாலும் நான் நின்றுகொண்டு போனது கிடையாது. மாத்தளையில் ஏறும் ஒரு முஸ்லிம் பெண், வியர்வை துடைக்கும் தன் பச்சைக் கரை லேஞ்சியைப் பக்கத்து சீட்டில் விரித்து எனக்கு இடம் பிடித்து வைப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒரு தடவை போனில் கணவரிடம், தாத்தா சீட் பிடித்து வைப்பார் என்று சொல்ல, வயசான மனுஷனைச் சிரமப்படுத்தலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, அவருக்கு விளக்கிச் சொல்லத் தோன்றவில்லை. ரயிலோடு முடிந்துபோகிற பழக்கம்தானே என்று நினைத்திருந்தேன்.

என் கவலையெல்லாம் வேறிடத்தில் இருந்தது. கணவர் வீட்டாருக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். நான் ஒருநாள் காலை வணக்கம் போடாததற்கு நாத்தனார், "பெரிய ஆளாகிட்டாங்க" என்று எழுதிவிட்டார். அதிலிருந்து பல் துலக்குகிறேனோ இல்லையோ, ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போய்விடும். யார் கட்டைவிரலைக் காட்டினார்கள், யார் காட்டவில்லை என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போகும். நாத்தனார் பதில் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பனடோலைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். மகளுக்குப் பரீட்சை நேரம், அதனால் சொல்லவில்லை. கணவரிடம் வெறும் சளி, தடிமன் என்று சமாளித்தேன். குரூப்பில் மட்டும் ஒருநாள் தவறாமல் ரோஜாப்பூ போனது. எப்படி இருக்கிறாய் என்று நாத்தனார் கேட்டதற்குக்கூட, நல்லா இருக்கேன் என்று ஒரு சிரிப்புப் படமும் சேர்த்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அப்பாடா என்றிருந்தது. வயிறு மட்டும் வலித்தது, கைகால் சில்லிட்டிருந்தது. இன்று படுத்தால் நாளை வேலைக்குப் போய்விடலாம் என்று கண்ணை மூடியபோது கதவைத் தட்டும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால், தாத்தா நிற்கிறார். அபாயாவெல்லாம் மழையில் நனைந்திருந்தது. வாசலில் ஒரு த்ரீவீல்.

"திங்கக்கிழமையிலிருந்து ஒங்கள காணல்ல தங்கச்சி. லீவுண்டா முந்தியே சொல்ற ஆளாச்சே. மனசு கேக்கல்ல, எறங்கிட்டேன்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சாதிக்காய் மரம் நிற்கிற வீடு என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் சாதிக்காய் மரம் இல்லாத வீடு எது? நாலைந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு அவரும் வேலைக்குப் போகவில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது தாத்தா என்றேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"காச்சல் விட்டாத்தான் பயம். என்ட மகனுக்கும் இப்பிடித்தான் வந்திச்சு. ஒண்ணும் பேசாம த்ரீவீல்ல ஏறுங்க" என்றார்.

டெங்கு. இரத்தத் தட்டணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன. இன்னும் அரை நாள் வீட்டில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வார்டில் மிஸி, அதாவது நர்ஸ், சிங்களத்தில் விவரம் கேட்டு எழுதினாள். யார் கூட்டி வந்தது என்று கேட்க, மயக்கத்தில் நான் வழக்கம்போலத் தாத்தா என்றேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவளும் அப்பா என்றே எழுதிவிட்டாள். அப்பாவின் பெயர் என்ன என்றாள். தெரியாது என்றேன். போன் நம்பர்? அதுவும் தெரியாது. பெற்ற அப்பாவின் பெயர் தெரியாத அளவுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தோடம்பழம் வாங்கப் போயிருந்த தாத்தா திரும்பி வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. அந்த வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன். நாலு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. நாற்பது பேரின் கட்டைவிரலை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு எங்கே நேரம்?

விஷயம் தெரிந்து நாத்தனார் மாத்தளைக்கு அப்பாலுள்ள நாலந்தாவிலிருந்து ஓடி வந்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவரோ என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நல்லா இருக்கேன்னு நீதானே போட்ட? நாங்க எப்படிம்மா கண்டோம்?" என்றார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? நல்லா இருக்கேன் என்று பொய் சொன்னது நான். ஒரு வாரம் என் வீட்டில் தங்கி எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பேசியது அதுவரை குரூப்பில் பேசியதைவிட அதிகம். இப்போது நான் ரோஜாப்பூ அனுப்புவதில்லை. தலைவலி என்றால் தலைவலி என்று சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

தேறி மறுபடி ரயில் ஏறிய அன்று, பச்சைக் கரை லேஞ்சி வழக்கமான இடத்தில் இருந்தது. நான் வராத நாட்களிலும் உக்குவளை தாண்டும்வரை தாத்தா அதை எடுக்கவில்லையாம். யார் கேட்டாலும், ஆள் இருக்கு என்று சொல்வாராம்.

இன்று எங்கே படிவம் கொடுத்தாலும், அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதுகிறேன். உறவு முறை என்ற இடத்தில் தாத்தா. வாசிக்கிறவர்கள் அக்கா என்று எடுத்துக்கொண்டாலும், அப்பா என்று எடுத்துக்கொண்டாலும் நான் திருத்துவதில்லை. நான் இல்லாததைக் கவனித்த அந்த ஒருவருக்கு எந்த உறவைச் சொன்னாலும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.