கப்பலின் மூன்றாவது தாள்

என் அக்காவின் கணவரை எங்கள் வீட்டில் முக்கால் என்போம். முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் முக்கால். பெயர் வைத்தது என் அம்மா. அவர் எதைத் தொட்டாலும் முக்கால்வாசியில் நின்றுவிடும். படுக்கையறையில் மூன்று சுவர்கள் பச்சை, நான்காவது இன்னும் வீட்டுக்காரர் கொடுத்த வெள்ளை. மிதிவண்டிக்கு மணி முதல் பின்விளக்கு வரை எல்லாம் மாட்டியாயிற்று, பிரேக் மட்டும் பாக்கி. நீச்சல் வகுப்பில் மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவர், விடக் கற்றுக்கொடுக்கும் வாரத்தில் நின்றுவிட்டார் என்பது அக்கா சேர்த்துச் சொல்வது.

இத்தனைக்கும் வேலையில் அவர் அப்படி இல்லை. லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லிஃப்டைக்கூட இரண்டு மாடிகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்ததில்லை. பழுது பார்த்து முடித்ததும் தானே ஏறி மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கருவிப் பையை மூடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதரைச் சீருடையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார் போலும்.

இரண்டு வருடத்துக்கு முன் மூடப்போகிற ஒரு பொம்மைக் கடையில் அந்தப் பெட்டியை வாங்கினார். மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு கப்பல். மரத்துண்டுகள், நூல்கண்டுகள், பட்டாணியைவிடச் சிறிய கப்பிகள், போர்வை அகலத்துக்கு மூன்று வரைபடத் தாள்கள். முதல் தாள் கப்பலின் உடம்புக்கு, இரண்டாவது மேல்தளத்துக்கு, மூன்றாவது பாய்மரத்துக்கும் கயிறுகளுக்கும். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை கப்பல் கட்டும் தளமாகிவிட்டது. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கப்பலைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிவிட்டோம். விருந்தாளி வந்தால் அக்கா கப்பலுக்கு அந்தப் பக்கம் உட்கார வைப்பாள். குழம்பை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்புவோம்.

பிறகு நூலகத்து லிஃப்ட் கெட்டுப்போனது. பழுது பார்க்கப் போனவர் நூலகரிடம் கைபேசியில் கப்பலைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் அங்கேயே, வாசலுக்கு எதிரே இருக்கும் கண்ணாடி அலமாரியை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமையிலிருந்து அவருக்கு ஒதுக்கிவிட்டார். பெயர் அட்டைகூட அச்சாகிவிட்டது. அத்தான் அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அழகைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்ற மறந்து, கப்பலை மூன்று முறை சுற்றி வந்தார். அப்புறம் என்னைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"மச்சான், இத முடிச்சிடணும்."

"முடிச்சிடுவீங்க அத்தான்."

"நீ சும்மா சொல்ற. எனக்கே நம்பிக்கை இல்ல. ஒண்ணே ஒண்ணு, முழுசா, நான் முடிச்சதுன்னு இருக்கணும்."

ஐம்பது வயது மனிதர் அப்படிச் சொன்னதும் நான் விரல் விட்டு வாரங்களை எண்ணினேன். எனக்குப் பொதுவாகவே எதற்கும் பதற்றம். ஆனால் அன்றைக்குக் காரணம் இருந்தது. இன்னும் ஐந்து வாரம்தான்.

அடுத்த நாளே மூன்றாவது தாள் போய்ச் சேர்ந்தது.

அக்கா கீழ்த்தளத்தில் உடை திருத்தும் கடை வைத்திருக்கிறாள். மடிப்பு விழுந்து கிடந்த தாளைப் பார்த்திருக்கிறாள். மனுஷன் முதல்முறையாக ஒன்றை முடிக்கப் போகிறாரே, நம்மால் ஆன உதவி என்று அதைக் கடைக்கு எடுத்துப்போய், தண்ணீர் தெளித்து, நீராவி இஸ்திரிப் பெட்டியால் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறாள். மடிப்பு போனது. மையும் போனது. பாதி கரைந்து நீலக் குளமாயிற்று, மீதி இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் அடுத்து ஒரு கணக்காளரின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவிட்டாள். அவர் முதுகில் நடுப் பாய்மரம், ஏணிக் கயிறு உட்படத் தெளிவாக விழுந்திருந்தது.

அத்தான் அந்தச் சட்டையை வாங்கி விளக்கில் பிடித்து, மற்ற இரண்டு மரங்களும் இல்லாத அந்தப் படத்தை அரை மணி நேரம் ஆராய்ந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. சட்டையைத் திருப்பித் தர முடியுமா என்று கணக்காளர் மூன்று முறை தொலைபேசியில் கேட்டார்.

கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. கப்பல் கிட் செய்த நிறுவனத்துக்கு மூன்று பத்தியில், இரண்டு மன்னிப்புகளோடு எழுதினேன். எதற்கு மன்னிப்பு என்று அக்கா கேட்டாள், எனக்கும் தெரியவில்லை. அந்த முகவரியில் இப்போது மெத்தை விற்கிறார்களாம். எங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, ஒற்றை மெத்தைகளின் விலைப்பட்டியலையும் இணைத்திருந்தார்கள். அடுத்து, மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் கூடும் இணையக் குழுவில் கேட்டேன். முகம் தெரியாத ஒரு நல்லவர் இதேதான் என்று பதினாறு பக்கம் அனுப்பினார். அச்சுக் கடையில் எடுத்து ஒட்டிப் பார்த்தால் நீர்மூழ்கிக் கப்பல். அத்தான் அதையும் பத்து நிமிடம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, இதில் பாய்மரம் எங்கே வரும் என்று யோசித்தது எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒரு பல் மருத்துவரிடமிருந்து பதில் வந்தது. ஓய்வு பெற்றவர், ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவு. அதே கிட் தன்னிடம் இருக்கிறது என்றும், தாளை வீட்டுக்கு வெளியே அனுப்புவதாக இல்லை, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குள் விடுவதாகவும் இல்லை என்றும், வேண்டுமானால் வந்து பார்த்து வரைந்துகொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். படம் பிடித்து அனுப்பச் சொல்லலாமா என்றேன். குச்சியைத் தாளின் மேல் வைத்து அளவு குறித்து வெட்ட வேண்டிய படம் அது, கைபேசியில் எடுத்தால் ஓரமெல்லாம் வளைந்துவிடும் என்றார் அத்தான்.

"நான் வர்றேன்," என்றாள் அக்கா. "கெடுத்தது நான். வரையறதும் நான்தான். உங்க ரெண்டு பேர் கையையும் நான் பார்த்திருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்கே தாமதமாகிவிடுமோ என்று நான் அவசரப்படுத்தியதில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய், அவர் தெருமுனையில் மூன்று பேரும் ஒரு சுருட்டிய தாள்கட்டோடு நின்றோம். எதிர்வீட்டுத் திரை இரண்டு முறை விலகியது. கடைசியில் அவரே வெளியே வந்து, கொள்ளையடிப்பதாக இருந்தால் உள்ளே வந்து டீ குடித்துவிட்டுச் செய்யலாம் என்று அழைத்துப்போனார்.

அவருடைய கிட் பெட்டி இருபது வருடமாகத் திறக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. தாள்களை மட்டும் வெளியே எடுத்து வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைப்பாராம். ஏன் தொடங்கவில்லை என்று அத்தான் கேட்டார். முதல் துண்டை வெட்டிவிட்டால் அப்புறம் தவறு செய்ய ஆரம்பித்துவிடுவோமே என்றார் மருத்துவர். தொடங்கவே மாட்டாதவரும் முடிக்கவே மாட்டாதவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், நெடுநாள் பிரிந்த அண்ணன் தம்பிகள் தோற்றார்கள். அப்புறம் அவர்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. கயிற்றின் முறுக்கு பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அக்கா அவர்கள் பக்கமே திரும்பவில்லை. பல் மருத்துவரின் உணவு மேசையில் தாளை விரித்து, மேலே துணிக்கு அளவு வரையும் தன் மெல்லிய பேட்டர்ன் தாளைப் போட்டு, நான்கு மூலைக்கும் நான்கு சர்க்கரைக் கிண்ணம் வைத்தாள். பென்சிலை நாக்கில் தொட்டாள். ஒவ்வொரு பாய்மரமும் மூன்று துண்டு. மூன்றுக்கும் ஒன்பது. குறுக்குக் கம்புகள் வேறு. கை நிற்கவே இல்லை. இடையில் மருத்துவர் எட்டிப் பார்த்து, இவ்வளவு உறுதியான கை தன் மருத்துவமனையில் இருந்திருந்தால் பாதிப் பேருக்குப் பல் பிழைத்திருக்கும் என்றார். திரும்பும் ரயிலில் அத்தான் அந்தச் சுருளைக் குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடி வந்தார். எதிரில் இருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

பத்து நாளில் குச்சிகளெல்லாம் வெட்டி, தேய்த்து, சாயம் பூசியாயிற்று. குச்சிகளின் பருமன் பெட்டியில் வந்தபடியே, நீளத்தை மட்டும் அக்காவின் தாளில் வைத்துக் குறித்தார். செவ்வாய்க்கிழமை மூன்று பாய்மரங்களையும் மேல்தளத்துத் துளைகளில் நிறுத்தினார். துண்டோடு துண்டைப் பசை போடாமல் நூலால் கட்டியிருந்தார். நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும் தட்டவில்லை. அளவு நாடாவை எடுத்து அடியிலிருந்து உச்சிவரை பிடித்தார். நூலகத்து அலமாரியின் உள் உயரம் முப்பத்திரண்டு அங்குலம். கப்பல் முப்பத்து நாலரை.

"மேல்தட்டைக் கழற்றச் சொல்லலாமா?" என்றேன்.

அவர் நூலை அவிழ்த்து ஒவ்வொரு துண்டாக அளந்துவிட்டு, மறுபடி தளர்வாகக் கட்டினார். அது வேலை நேரத்து முகம். பதினைந்து நிமிடம் லிஃப்ட் மெஷின் ரூமில் இருப்பதுபோல் இருந்தார். பெட்டி அட்டையில் ஒவ்வொரு பாய்மரத் துண்டின் முழு நீளம் மட்டும், துளைகளோ கயிறுகளோ இல்லாமல், பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டார்.

"தப்பா வெட்டியிருந்தா ஒண்ணு கூட இருக்கும், ஒண்ணு குறைய இருக்கும்," என்றார். "இது ஒவ்வொரு துண்டும் சரியா ஒரு அங்குலம் கூட. யாரோ வேணும்னே விட்டிருக்காங்க."

அக்கா நடந்து வந்து தன் தாளைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

"தையலுக்கு விட்டிருக்கேங்க."

ஒருவருக்கும் புரியவில்லை.

"துணி வெட்டும்போது சுத்தி அரை அங்குலம் விடுவோம்ல, தைக்கறதுக்கு. மேல அரை, கீழ அரை. கை தானா விட்டுடுச்சு."

முதலில் சிரித்தது நான்தான், பயத்தில். அடுத்து அத்தான். அவருக்குச் சிரிப்பு தொடங்கினால் நிற்பதில்லை, அதுவும் முழுமையாக முடியாது, விக்கலில் போய் நிற்கும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு முறை கெடுத்தாயிற்று, மூன்றாவது முறை அந்தப் பல் மருத்துவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் புதுக் குச்சிக்கும் வழியில்லை. உச்சிகளைச் செதுக்கி மணியளவு குமிழ் ஒட்டியாகிவிட்டது, அடியில் வெட்டினால் கயிறு கட்டும் துளைகள் இடம் மாறிவிடும்.

விக்கலோடு அத்தான் கப்பலை மேலே தூக்கிப் பரணைப் பார்த்தார். அங்கே ஐந்து கம்பியோடு ஒரு கிதார் ஏற்கெனவே இருந்தது.

"எங்க கொண்டு போறீங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. அதுக்கும் துணை வேணாமா."

"வைங்க கீழ. தையலுக்கு விட்டத வெட்டவா செய்வாங்க? உள்ள மடிச்சிடலாம்."

அவர் கப்பலை வைத்தார். அக்கா பாய்மரத்தின் நடுத் துண்டைப் பிடித்து, கீழ்த் துண்டின் மேல் ஏறிக் கட்டியிருந்த இடத்தில், சட்டைக் கையை மடிப்பதுபோல் ஒரு அங்குலம் கீழே இறக்கினாள். மேல் துண்டையும் ஒரு அங்குலம் இறக்கினாள். இரண்டு அங்குலம் இணைப்புக்குள் போயிற்று. மூன்றாவது அங்குலத்துக்காகக் கீழ்த் துண்டை மேல்தளத்துத் துளையில் வைத்து அழுத்தினாள், அது இறங்கவில்லை.

"இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"காலி இடம்தான். அடிக்கட்டை வரைக்கும்." அத்தானின் விக்கல் நின்றுவிட்டது. "துளைய ஆழமாக்கினா போதும். மச்சான், அந்த ட்ரில்ல எடு."

மரத்தூள் பறக்க, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை துளைத்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வேலையில் குனிந்திருப்பதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஒருவர் கை வைக்குமுன் மற்றவர் கை அங்கே இருந்தது, அதற்காக வாக்குவாதமும் இருந்தது. குறுக்குக் கம்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு முனையிலும் அரை அங்குலம் அக்காவே கத்தரித்துவிட்டாள், பொத்தான் துளை வெட்டும் கத்தரிக்கோலால். கப்பல் முப்பத்தொன்றரையில் நின்றது. அடுத்த மூன்று இரவும் இருவருமாகக் கயிறுகளைக் கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை கப்பலைக் கையில் ஏந்திக்கொண்டு நூலகத்துக்கு நடந்தோம். நான் முன்னால் ஓடி, வருகிறவர்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக்கொண்டே போனேன், ஒரு நாய் உட்பட. அலமாரிக்குள் வைத்தாயிற்று. ஒரே ஒரு கயிறு பாக்கி, உச்சியில் கொடியைப் பிடிக்கும் கயிறு. அதை அங்கேதான் கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். நூலகர் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையலுக்கு விட்ட கதையை அக்கா அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தாள். பல் மருத்துவரும் சொன்னபடி முதல் ரயிலில் வந்திருந்தார்.

அத்தான் இடுக்கியில் நூலைப் பிடித்தபடி நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கட்டவில்லை. நாளை வந்து கட்டட்டுமா, வெளிச்சம் சரியில்லை என்று முனகினார். நான் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் எட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா பக்கத்தில் போய், அவர் காதில் விழுகிற அளவுக்கு மட்டும், "கட்டுங்க," என்றாள். "கட்டினா என்ன ஆயிடும்?"

"முடிஞ்சிடும்."

"ஆமா. முடியட்டும்."

கட்டினார். முடிச்சின் வாலை வெட்டினார். நூலகர் கதவை மூடிச் சாவியைத் திருப்பினார். அத்தான் இடுக்கியைச் சட்டைப் பையில் போட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். நாங்கள் திகைத்து நின்றோம். கழிவறைக்கா, வீட்டுக்கா, எங்கே என்று அக்காவைக் கேட்டேன். இரண்டு நிமிடம் கழித்து வாசல் வழியாக ஒரு புது ஆள்போல் நுழைந்தார். தலை வாரியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அலமாரி முன்னால் வந்து நின்றார். கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை. பிறகு நூலகர் பக்கம் திரும்பி, தனக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது என்கிற பாவனையில் விசாரித்தார்.

"நல்லா இருக்குங்களே. யார் செஞ்சது?"

நூலகர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அட்டையைப் பார்த்து அவர் பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"முழுசா அவரேவா?"

"முழுசா," என்றார் நூலகர். "தையல் மட்டும் வீட்டம்மா."

அத்தான் தலையசைத்துவிட்டு மறுபடி வெளியே போனார். மறுபடி வந்து அதையே கேட்டார். நான்காவது முறை அவரோடு பல் மருத்துவரும் வெளியே போய், இரண்டு பேருமாக உள்ளே வந்தார்கள்.