கருவிக்குக் காட்டிய கற்பூரம்

இந்த ஆயுத பூஜை அன்று, என் மனைவியின் மூன்று வருட உழைப்புக்குக் கிட்டத்தட்ட கொள்ளி வைத்துவிட்டேன். அதுவும் மணியடித்து, பக்திப் பரவசத்தோடு!

பதற வேண்டாம், சொல்கிறேன்.

வித்யா இங்கே பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் சென்சார் செய்கிறாள். குளிர்பதனக் கிடங்குகளில் குழாய் குழாயாக அம்மோனியா ஓடும் இல்லையா? அது கசிந்தால் உள்ளே மூட்டை அடுக்கும் ஆட்களுக்கு மூச்சு முட்டிவிடும். அவர்கள் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் இவள் கருவி. ஆனேக்கல் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், அடுத்த வியாழக்கிழமை டெமோ பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் பிடிக்கவில்லை என்றால் புராஜெக்டையே மூடிவிடுவோம் என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது.

கருவி எப்படி வேலை செய்கிறது? நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். சின்னத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சும். அதில் இருக்கும் துகள்களுக்கு சார்ஜ் ஏற்றும். பிறகு விரல் நீளக் குழாய் ஒன்றில் மின்புலம் அவற்றைப் பிடித்து இழுக்கும். எதிரே காற்று வீசும். ஒல்லியான துகள் சட்டென்று நழுவி வந்துவிடும். குண்டானது, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இரண்டு சூட்கேஸோடு இறங்கியவர் மாதிரி திணறித் திணறி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்தே, வந்தது யார் என்று கருவி சொல்லிவிடும். ஸ்கிரீனில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மேடு எழும்பும்.

இப்போது பூஜைக்கு வருவோம். இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் ஆட்டோவிலிருந்து லிஃப்ட் வரை எதையும் விடமாட்டார்கள். கருவியை மட்டும் விடுவார்களா? டெக்னீஷியன் மஞ்சுநாத் அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, பொரியும் பூசணிக்காயும் வாங்கி வைத்திருந்தார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் நானும் ஆஜர். வித்யா போன் பேச வெளியே போயிருந்தாள்.

"சார், நீங்கதான் பெரியவரு... ஆரத்தி நீங்களே எடுத்துடுங்க" என்று தட்டை நீட்டினார் மஞ்சுநாத்.

நான் சும்மா விடுவேனா? பெரிய கற்பூரமாக இரண்டு ஏற்றி, கருவியின் அந்தத் துளைக்கு நேராக மூன்று சுற்று. முகத்துக்கு நேரே காட்டுவதுதானே முறை!

உள்ளே வந்த வித்யாவின் முகம் மாறியது.

"யாருங்க கற்பூரம் ஏத்துனது?"

"நான்தான்... ஏன்?"

அவள் ஸ்கிரீனைக் காட்டினாள். அங்கே ஒரு மலையே எழும்பிக்கொண்டிருந்தது.

கற்பூரம் லேசுப்பட்டதில்லையாம். இருக்கிற சார்ஜையெல்லாம் முண்டியடித்து அதுவே வாங்கிக்கொள்ளுமாம். அம்மோனியா வெறுங்கையோடு நிற்கும். கசிவு இருந்தாலும் கருவி 'ஒன்றுமில்லை' என்று சாதிக்கும். அதை நம்பி ஒரு மனிதரைக் கிடங்குக்குள் அனுப்ப முடியுமா?

வித்யா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேரே உட்கார்ந்து குழாயைச் சூடாக்கி, சுத்தமான காற்றைச் செலுத்திக் கழுவ ஆரம்பித்தாள்.

எனக்கோ குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. சமையல் எங்கள் வீட்டில் என் டிபார்ட்மெண்ட். அவள் மனசு குளிரட்டும் என்று, நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கல் செய்து கேரியரில் கொடுத்தனுப்பினேன். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

ஆனால் அங்கே ஒரு மர்மம். காலையில் பார்த்தால் கற்பூர மேடு தரைமட்டமாகியிருக்கும். மதியம் ஒன்றரை மணிக்கு மறுபடி எழுந்து நிற்கும்! ஏசியைச் சந்தேகப்பட்டார்கள். பக்கத்து கம்பெனிக்காரர்கள் இன்னும் பூஜை செய்கிறார்களோ என்று மஞ்சுநாத் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஊஹூம்.

புதன்கிழமை மதியம் எனக்கு போன் வந்தது.

"ஏங்க, பொங்கல்ல என்னென்ன போட்டீங்க?"

"அரிசி, பருப்பு, வெல்லம், நெய்..."

"வேற?"

"பச்சைக் கற்பூரம்... துளியூண்டு."

பின்னணியில் மஞ்சுநாத் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டது கேட்டது. "அய்யோ தேவரே!"

லேபில் சாப்பிடக் கூடாது என்பது விதி. அந்த வாரம் மட்டும், கருவியை விட்டு நகர மனசில்லாமல் பக்கத்து மேஜையிலேயே கேரியரைப் பிரித்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டு மூடியைத் துளைக்கு அருகில் கொண்டுபோனதும், மேடு துள்ளியதாம்.

"எதுக்குங்க அதைப் போடறீங்க?" வித்யாவின் குரலில் கோபம் இல்லை.

"உனக்குப் பிடிக்குமேன்னு..."

கேரியர் மூடியை அழுத்திச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு அந்த வாசனையே பிடிக்காதுங்க."

கல்யாணமாகிப் பதினாலு வருடம்! எத்தனை பொங்கல், எத்தனை பிறந்தநாள்... ஒன்று விடாமல் போட்டிருக்கிறேனே!

"சொல்லியிருக்கலாமே, வித்யா?"

"முதல் தடவை செஞ்சு குடுத்துட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என் மூஞ்சியவே பார்த்துட்டு நின்னீங்க. எப்படிங்க சொல்றது?"

அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றும், அந்த முகத்தில் இருந்தது எனக்குத் தெரியவில்லையே!

கேரியர் உடனடியாக நாடு கடத்தப்பட்டது. வியாழக்கிழமை காலை ஆனேக்கல்காரர் வந்தார். ஒரு குட்டி பாட்டிலில் இருந்த அம்மோனியாவைத் திறந்து காட்டினார்கள். மேடு, வர வேண்டிய இடத்தில், கம்பீரமாக வந்து நின்றது. அவர் இரண்டாவது முறையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எப்போ வந்து மாட்டுவீங்க?" என்று மட்டும் கேட்டாராம். மஞ்சுநாத் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரம் இல்லாமல்தான்!

அன்று சாயங்காலம் மறுபடி சர்க்கரைப் பொங்கல் செய்தேன். பச்சைக் கற்பூரம் கிடையாது. எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தேன். "இப்ப நிஜத்தைச் சொல்லு. எப்படி இருக்கு?"

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா... இந்த ஏலக்காய் இருக்கே..."

பட்டியல் கொஞ்சம் நீளம்தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.