கம்பு முளைத்த சுவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் செம்மண் பைத்தியம் பிடித்திருந்தது. பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே மண்ணால் வீடு கட்டிப் பழகும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்பினால், சாயங்காலம் புடவைக் கரையெல்லாம் சிவந்து திரும்புவேன். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைப்பேன். மறுநாள் மணல் அடியில், வண்டல் நடுவில், களிமண் மேலே என்று தெளிந்து நிற்கும். அதில் வெயில் படுவதைப் பார்த்துக்கொண்டே சோற்றை மறந்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள், அம்மாவைத் தவிர.

அம்மாவுக்கு மண்சுவர் என்றால் பயம். சின்ன வயதில், ஓர் ஐப்பசி மழையில், தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி மேல் சுவர் விழுந்துவிட்டது. அவன் பிழைக்கவில்லை. அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

மில் வேலை முடிந்து வீட்டோடு இருந்த அப்பா, பின்பக்கம் அம்மாவுக்கென்று ஓர் அறை கட்ட நினைத்தார். மண்ணில்தான் கட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் சுவர் அவள் பயத்தைப் போக்கிவிடும் என்று கனவு. கடல்காற்று வர கிழக்கே ஜன்னல், அதற்கு நேரே அவள் கட்டில். படத்தில் கட்டிலுக்குத் தலையணைகூட வரைந்திருந்தேன்.

“அப்பாவும் மவளும் கட்டிக்குங்க. நான் உள்ள வரமாட்டேன்” என்றாள் அம்மா.

சேதராப்பட்டில் சொந்தக்காரர் ஒருவர் தன் கம்பங்கொல்லையில் மண் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும். இதுதான் நான் கற்ற முதல் பாடம். ஆனால் அன்று அந்த மேல்மண் குங்குமம் போல் பொடிந்து கிடந்தது. அந்த நிறத்தில் மயங்கி அதையே அள்ளிவிட்டேன். சிமெண்டும் சேர்க்கவில்லை, சுத்தமான மண்சுவர் வேண்டும் என்ற திமிர். அப்பாவும் நானும் மண்ணை அழுத்திக் கல்லாக்கும் இயந்திரத்தின் நீளக் கைப்பிடியில் தொங்கித் தொங்கி மண்கல் அடித்தோம். காய்ந்ததும் நாலு சுவரும் எழும்பின.

கூரை போடுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. கீற்றுப் போட்டு மூடினோம். நாலைந்து நாள் கழித்து வெயில் எட்டிப் பார்த்த காலையில் கீற்றை விலக்கினேன். சுவரெல்லாம் பச்சை. விரல் நீளத்துக்குக் கம்பு முளைத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வந்தது.

பின்னால் சிரிப்புச் சத்தம். அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தாள்.

“என்னா பாப்பா, செவுத்துல பயிரு வந்துருக்குது” என்று நாற்றுகளைத் தடவினாள். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

நான் ஆசைப்பட்டது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஆனால் விதை இருக்கும் மண்ணில் வேரும் சருகும் மட்கும், சுவர் உள்ளுக்குள் பொலபொலத்துப் போகும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவே மனம் வரவில்லை. சொன்னால் இனி எந்த மண்சுவர்ப் பக்கமும் அவள் வரமாட்டாள்.

“அம்மா, வெளிய வந்துடு. இது நிக்காது. மேல்மண்ண எடுத்துட்டேன், எம்மேலதான் தப்பு.”

அவள் சுவரிலிருந்து மெதுவாக விலகி வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவளோ அந்தப் பச்சையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கும் செவுரு ஊறிப் போச்சுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. தம்பிய அந்தச் செவுத்தோரம் படுக்க வச்சது நாந்தான்.”

அவள் முந்தானையால் கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள்.

“இத இடிச்சிட்டு நல்ல மண்ணா எடுத்தாந்து கட்டு. நான் வந்து படுத்துக்கறேன்.”