சீமோனின் தடிமன்

ரொறொன்ரோவில், பார்க்டேலில் அந்தக் கட்டடத்தில் சீமோனை நல்ல மனிசன் என்று சொல்லாத ஆள் இல்லை. அதையும் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்கிறார்கள். அவர் லிஃப்ட் வருமட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூச்ச சுபாவம் என்று அதற்கும் ஒரு பாராட்டுக் கிடைக்கும்.

பேசாலையில் பிறந்து, எண்பத்தொன்பதில் ரொறொன்ரோவுக்கு வந்து, எல்லாரையும் போல ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவி, தொண்ணூற்றிரண்டில் கோழிப்பண்ணை வேலைக்குப் போனவர். பண்ணை பிக்கரிங்கையும் தாண்டி இருந்தது. வேலைக்கு ஆள் ஏற்றுகிற அன்புராசாவின் வானில் ஆறு பேர் விடிய முன்னம் புறப்படுவார்கள். முட்டை பொறுக்குவது, கொட்டில் கழுவுவது எல்லாம் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் செய்துவிடலாம். எல்லாரும் பயந்தது கோழிப்பேனுக்கு மருந்தடிப்பதற்குத்தான். மெசினை முதுகில் கொழுவிக்கொண்டு, பூட்டிய கொட்டிலுக்குள் கூடு கூடாக அடித்துக்கொண்டு போகவேண்டும். கடதாசி மாஸ்க் ஒன்று தருவார்கள். அது ஈரமானதும் வாயோடு ஒட்டிக்கொள்ளும். சீமோன் முதல்தரம் அடித்துவிட்டு வந்து வானுக்குள்ளேயே சத்தி எடுத்தார்.

பண்ணைக்காரர் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. காய்ச்சல், சளித் தடிமன், நெஞ்சு வருத்தம் உள்ள ஆள் மருந்தைத் தொடக்கூடாது. ஆனால் தீராத வருத்தக்காரனுக்கு வானில் இடம் நிலைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள் தடிமனை மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம். முறை வந்தவனுக்குத் தடிமன் என்றால் இன்னொருவன் மெசினை வாங்கிக்கொள்வான், கேள்வி கேட்கமாட்டான்.

தொண்ணூற்றுமூன்று பங்குனியில் சீமோனின் முறை வந்தது. வானில் ஏறும்போதே அவர் இருமத் தொடங்கினார். தடிமனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்.

பயந்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். அந்த நஞ்சுக்குப் பயப்படாதவன்தான் மடையன். பயமாக இருக்கிறது, அடிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆம்பிளை அல்லவா, இருமினார்.

"என்னடாப்பா, தடிமனோ?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த கஸ்பர். அதே கட்டடத்துக்காரர், சீமோனைவிட மூத்தவர்.

"ஓம் அண்ணை. ராத்திரி முழுக்க நித்திரையில்லை."

"அப்ப நீ முட்டையைப் பொறுக்கு. நான் அடிக்கிறன்."

கஸ்பருக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. குளிர் காலத்தில் மூச்சு விசிலடிக்கும். அந்தக் கிழமை காய்ச்சலும் சேர்ந்திருந்தது; பனடோல் போட்டு அடக்கிக்கொண்டு வந்திருந்தார். வேலை போய்விடும் என்று மனைவி வேரோனிக்காவைத் தவிர ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சீமோன் பொய்யாக இருமிக்கொண்டிருக்க, பக்கத்தில் கஸ்பர் உண்மையான இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கொட்டில் கதவடியில் கஸ்பர் விழுந்து கிடந்தார். உடுப்பெல்லாம் வியர்வையில் தோய்ந்து, வாயால் நீர் வடிந்தது. மூச்சை இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அம்புலன்ஸ் வருமட்டும் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தவர் சீமோன். நல்ல மனிசன் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

உயிர் தப்பியது. நெஞ்சு பழையபடி வரவில்லை. காய்ச்சலோ, தொய்வோ, மருந்தோ, எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். பஸ் தரிப்புவரை நடக்க முடியாமல் கஸ்பர் வீட்டோடு இருந்தார். வேரோனிக்கா ஒஃபிஸ் கிளீனிங்குக்குப் போகத் தொடங்கினார்.

சீமோன் பண்ணையை விடவில்லை. யாருடைய முறை வந்தாலும் மெசினைத் தானே வாங்கிக் கொழுவிக்கொண்டார். காய்ச்சல் வந்த நாட்களிலும் வாய் திறக்காமல் அடித்தார். சனிக்கிழமைகளில் கஸ்பர் வீட்டுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு போனார். சனம் பார்த்துப் பார்த்து மெச்சியது. ஒவ்வொரு மெச்சலும் அவருக்குச் செருப்படியாக விழுந்தது.

போதாததற்குக் கஸ்பர் வேறு, பார்க்க வருகிற பண்ணைப் பெடியளுக்கு இதையே புத்தியாகச் சொல்லுவார்.

"வருத்தமெண்டா மறைக்காதேங்கோ. உவன் சீமோனைப் பாருங்கோ. உள்ளதைச் சொன்னான், தப்பினான். நான் மறைச்சன், இப்பிடிக் கிடக்கிறன்."

இதை நேரே இருந்து கேட்ட மறுநாளே சீமோன் கோயிலுக்குப் போனார். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். "ஆண்டவர் மன்னிப்பார். அந்த மனிசனிட்டயும் போய்ச் சொல்லும்" என்றார் சுவாமியார். போவதற்கு அவருக்கு ஒரு வருடம் எடுத்தது.

தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு போனார். கஸ்பர் மூச்சுக்கு அடிக்கிற பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடியில் இருந்தார். வேரோனிக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். சீமோன் இருக்கவுமில்லை, நின்றபடியே சொன்னார்.

"அண்ணை, அண்டைக்கு எனக்குத் தடிமன் இல்லை. மருந்துக்குப் பயந்து பொய் சொன்னனான். என்னாலதான் நீங்கள் இப்பிடி இருக்கிறியள்."

கஸ்பர் குசினிப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியது.

"வேரோனிக்கா, இஞ்ச வந்து கேளும். நான் காய்ச்சலை மறைச்ச வெக்கத்தில சாகிறனெண்டு, இவன் பழியைத் தன்ர தலையில போடுறான்."

"இல்லையண்ணை, உண்மையாத்தான்…"

"விசர்க்கதை கதையாதை. நான் பக்கத்திலயெல்லோ இருந்தனான். நீ இருமினது எனக்குத் தெரியாதே?"

வேரோனிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினார். "முதல் இதைக் குடியுங்கோ தம்பி. கூடப் பிறந்ததுகூட இப்பிடிச் சொல்ல வராது."

இன்னொருதரம் அழுத்திச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்ல வாயும் திறந்தார். அதற்குள் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, தப்பிவிட்டேன் என்று ஓர் ஆறுதல் வந்தது. அன்று வானுக்குள் கஸ்பர் "நான் அடிக்கிறன்" என்றபோது வந்த அதே ஆறுதல். அதுதான் இது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே சீமோன் தேத்தண்ணியைக் குடித்தார்.