கீழ் வால்வைப் பற்றி ஒரு வரி

நான் எழுதி அச்சான ஒரே புத்தகத்துக்குப் பதினாறு பக்கம். ஆங்கிலத்தில் இருக்கும். பீர் புளிக்கவைக்கும் தொட்டியை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிக் கழுவி வைப்பது என்று அதில் சொல்லியிருக்கிறேன். பீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாய் குடித்ததில்லை.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை. முதலாளி லேத்தில் நின்று வளர்ந்தவர். முன்பு பால் டேங்க் செய்துகொண்டிருந்தார். இப்போது வெளிநாட்டுக் கடை ஒன்றுக்குச் சின்னச் சின்ன ஸ்டீல் தொட்டிகள் செய்து அனுப்புகிறோம். மேலே உருளை, கீழே கூம்பு, மூன்று கால். அந்த நாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பொழுதுபோக்காம். இங்கே அதைச் செய்தால் போலீஸ் வரும். ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது கூம்பின் நுனியில் போய்ச் சேரும். நுனியில் இருக்கும் வால்வைத் திறந்தால் மண்டி மட்டும் வெளியே வரும், பீர் மேலே தெளிந்து நிற்கும். சூட்சுமம் அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அந்தத் தொட்டியைப் பம்பரம் என்பார்கள். இன்றைக்கு எத்தனை பம்பரம் போகிறது என்றுதான் காலையில் பேச்சு தொடங்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தபோது, டிராயிங் பார்ப்பதோடு கடைக்காரர் அனுப்பும் மெயில்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் வேலையானது. முதலாளிக்கு அளவு தெரியும், எண் தெரியும். ஆங்கில வாக்கியம் வந்தால் போனை என்னிடம் நீட்டிவிடுவார். புத்தகத்தையும் அப்படித்தான் என்னிடம் கொடுத்தார். எழுதி அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனேன். பால் டேங்க் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த வருஷம் சரஸ்வதி பூஜையில் என் பீர் புத்தகத்துக்கு அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

பருத்திப்பட்டில் மாடியில் ஒற்றை அறை. கீழ் வீடுகளில் எல்லாம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். என்னைப் போலவே வெவ்வேறு ஊர்க்காரர்கள். படியில் எதிரெதிரே வந்தால் சிரிப்போம். காலையில் பூந்தமல்லி பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மாலையில் அதே இரண்டும் திருப்பி. ஒரு நாளில் யாராவது என்னோடு பேசினார்கள் என்றால் அது மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான். பேசுகிறவர் எங்கள் வெல்டர்.

நாற்பதை நெருங்கியவர், திருமழிசையிலேயே பிறந்தவர். எஸ்டேட்டின் பின்தெரு அவர்கள் குடும்பம் கத்தரிக்காய் போட்ட நிலம் என்பார். என் சாப்பாட்டு டப்பாவைத் தினமும் எட்டிப் பார்ப்பார். "இன்னா வாத்தியாரே, இன்னிக்கும் லெமன் சோறா? உன் ஓட்டல்காரன் எலுமிச்ச தோப்பே வச்சிகீறான் போல." சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை என் மூடியில் போடுவார். வேண்டும் வேண்டாம் என்று கேட்க மாட்டார்.

ஒரு நாள் கடைக்காரரிடமிருந்து வந்த மெயில் நீளமானது. தொட்டி வாங்கிய மூன்று வீடுகளில் பீர் புளித்துப்போகிறது. முதல் தடவை நன்றாக வந்ததாம். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் கெட்டுவிட்டதாம். ஒருவர் கூம்பின் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வெல்டிங் கோட்டின் மேல் பழுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. கீழ் வால்வை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், உங்கள் புத்தகத்தில் திறந்துவைத்துக் கழுவுங்கள் என்று மட்டும்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வரியை நான் படிக்காமல் தாண்டினேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. கண் அந்த வரியில் பட்டதும் காது சூடானது. வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நன்றி, வணக்கம் என்று முடித்துவிட்டேன்.

முதலாளி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெல்டில் குழி விழுந்திருக்கிறது, அதில் அழுக்கு உட்கார்ந்துதான் புளிக்கிறது என்றார். வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் நிரப்பிக் காட்டினேனே, ஒரு சொட்டு கசிந்ததா என்று கேட்டார்.

"கசியலய்யா. புளிக்குதுன்றான்."

"பீரு புளிக்காம, இன்னா சார், பாயாசமாட்டம் இனிக்குமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையானது. இந்தக் கடைக்காரன் போய்விட்டால் பட்டறைக்குப் பூட்டுதான், உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று முதலாளி குரலை உயர்த்தினார். விஷயம் தெளிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம், குழி என்று உறுதியானால் அதற்குப் பிறகும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெல்டர் முகமூடியையும் கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். என் மேஜை அருகே நின்றார்.

"நீ படிச்சவன். இன்னொரு வாட்டி நல்லா பாரு நைனா. வேற எதுனா எழுதிகீறானா அதுல?"

"வேற ஒண்ணும் இல்லண்ணா," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பிவிட்டார்.

வால்வுக்குள் ஓட்டை போட்ட ஒரு ஸ்டீல் உருண்டை இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் உருண்டை திரும்பி வழி திறக்கும், மூடும். உருண்டைக்கும் அது உட்காரும் கூட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பதில் கொஞ்சம் அந்தச் சந்துக்குள் மாட்டும். வால்வைத் திறந்துவைத்து எத்தனை குடம் வெந்நீர் விட்டாலும் ஓட்டை வழியாக ஓடிவிடுமே தவிர சந்துக்குள் போகாது. கழற்றித்தான் கழுவ வேண்டும். எங்கள் பட்டறையில் அது தெரியாத ஆள் கிடையாது. தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் யாராவது ஒருவர் வால்வைக் கழற்றி, துணியால் துடைத்து, பூட்டிவிடுவார்கள். பேசிக்கொண்டே செய்வார்கள். நானும் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பெட்டியில் வைப்பதற்கு முன் செய்யும் சடங்கு என்று நினைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, எழுதவில்லை.

இது அன்று ராத்திரியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான்கு நாள் சும்மா இருந்தேன். வெளியிலிருந்து ஒரு தற்காலிக வெல்டர் வந்தார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேலை செய்வார், சாப்பாட்டுக்கு வெளியே போய்விடுவார். நான் என் மேஜையில் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அந்தப் பட்டறையில் என் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அந்தப் பதினாறு பக்கமும் வெறும் கோடு. படித்தால் நாலு பேர் நடுவே உட்காரலாம் என்று சொல்லித்தான் என்னைப் படிக்க அனுப்பினார்கள். நாலு பேர் நடுவே இப்படி ஒரு தனி இடம் கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒருவேளை வெல்டிலும் குழி இருக்கலாமே என்று ஓர் ஆசை. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி இருந்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பீர் காய்ச்ச முடியாது. ஆனால் புளிப்பதற்குப் பீர்தான் வேண்டுமா என்ன?

சனிக்கிழமை வேலை விட்டதும், அனுப்பாமல் நின்றுபோன ஒரு பழைய தொட்டியில் பத்துப் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். ஒரு கரண்டி மோர் விட்டேன். பட்டறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மூடியைத் திறந்தபோது கெட்டித் தயிர். வால்வைத் திறந்து குச்சியால் கலக்கி எல்லாவற்றையும் வடித்தேன். பிறகு என் புத்தகத்தை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதை மட்டும் செய்தேன். கழுவும் பவுடர் கலந்த வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி, அரை மணி நேரம். நல்ல தண்ணீர் இரண்டு தடவை. வால்வு திறந்தபடி. உள்ளே டார்ச் அடித்தால் தொட்டி முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்தது. முகர்ந்தால் ஒரு வாசனையும் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் என் புத்தகத்தின் மேல் கர்வம்கூட வந்தது.

கொதிக்கவைத்த பஞ்சால் கூம்பின் வெல்டிங் கோட்டை மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்தேன். அந்தப் பஞ்சை ஒரு டம்ளர் பாலில் போட்டேன். பிறகு வால்வைக் கழற்றினேன். உருண்டையை வெளியே எடுத்ததும் கூட்டின் ஓரத்தில் வெள்ளையாக, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வழித்து இன்னொரு டம்ளர் பாலில் போட்டேன். அப்போது மணி பதினொன்று.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. விடுமுறை நாளில் எஸ்டேட் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நெடுஞ்சாலையில் பஸ் போவது மட்டும் கேட்கும். தகரக் கூரை சூட்டில் டிக் டிக் என்று விரியும். இரண்டு டம்ளரையும் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். லீவு நாளில் பட்டறையில் என்ன வேலை என்றாள். பால் புளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அம்மாவிடம் அந்த வேலையைப் பற்றி நான் சொன்ன முதல் நிஜம் அதுதான். "இதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று சிரித்தாள்.

ஐந்து மணிக்கு டம்ளர்களைச் சாய்த்துப் பார்த்தேன். பஞ்சு போட்டது பாலாகவே ஆடியது. மற்றது ஆடவில்லை, உறைந்திருந்தது. நகம் அளவு உறை, ஒரு டம்ளர் பாலுக்குப் போதும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது?

டம்ளரை மூடி, கைக்குட்டையால் கட்டி எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்கு நடந்தேன். கோயில் தெருவுக்குப் பின்னால், முன்பக்கம் தகர ஷீட் போட்ட வீடு. வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வேலைக்குக் கூப்பிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் டம்ளரை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, பஞ்சு, வால்வு.

"வால்வ கயட்டாம எவன்டா கய்வுவான்?" என்றார். பிறகு, "அத்த நீ எழுதலியா?"

"எழுதலண்ணா."

திருப்புளியைக் கீழே வைத்தார். 

"அன்னிக்கு நான் கேட்டேனே. லெட்டர்ல வால்வ பத்தி எதுனா இருந்துதா?"

"ஒரு வரி இருந்ததுண்ணா. நான் படிக்கல."

உள்ளேயிருந்து அவர் மனைவி யார் வந்திருப்பது என்று கேட்டார். அவர் மிக்ஸியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட..."

"என்கிட்ட இன்னாத்துக்கு? நான் போனா போவுதுன்னு சொல்லணும், நீ நிம்மதியா ஊட்டுக்குப் போயி தூங்கணும், அதான? அங்க போய் சொல்லு. அவரு இன்னா சொல்றாரோ அத்த வாங்கிக்க. போ."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தயிர் டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளி வந்து சாமி படத்துக்குப் பூ வைக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். திட்டுவார், போகச் சொல்வார் என்று நினைத்துச் சான்றிதழ்களைக்கூடப் பையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அந்த மெயிலைத் திறக்கச் சொன்னார். எந்த வரி என்று கேட்டார். நான் விரல் வைத்த இடத்தை, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாகத் தானே படித்தார். நெடுநேரம் ஆயிற்று. வால்வு என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தினார்.

"எனக்கு இது தெரியும்," என்றார். "இந்த ஒரு வார்த்த எனக்குத் தெரியும். நீ படிக்கிறியேன்னு நான் பாக்கல."

அப்புறம் வெல்டருக்கு அவரே போன் போட்டார். என் முன்னாலேயே, தப்பு நம்ம பக்கம்தான், வாய்யா என்றார். அந்த நம்ம பக்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மைதான். ஆனால் அன்றிலிருந்து மெயில் வந்தால் போனை என்னிடம் நீட்டுவதில்லை. போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை மட்டும் சொல்கிறார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. புத்தகத்தைத் திருத்தி எழுதச் சொன்னார். ஒரு நிபந்தனை: அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில், பட்டறையில் எல்லோர் முன்பும் படித்துக் காட்ட வேண்டும்.

கடைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மூன்று வீட்டுக்காரர்களும் வால்வைக் கழற்றிக் கழுவிப் பார்க்க ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. பீருக்கு அவசரம் கிடையாது.

வெல்டர் திரும்பி வந்தார். மத்தியானத்தில் பாலிஷ் போடுகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவர்கள் சிரிப்பது என் மேஜைக்குக் கேட்கும். நான் அங்கே போய் உட்காரலாம். யாரும் எழுந்துபோகச் சொல்ல மாட்டார்கள். போகவில்லை.

புதுப் பக்கத்தைப் படித்துக் காட்டிய அன்று எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள். வெல்டர் மட்டும் முதுகைக் காட்டியபடி தொட்டியின் ஒரு காலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வால்வை எப்படிக் கழற்றுவது என்று ஆறு படி எழுதியிருந்தேன். கிளாம்பைத் தளர்த்தவும். கைப்பிடியைப் பாதி திருப்பவும். மூடியைக் கழற்றவும். உருண்டையை வெளியே எடுக்கவும். தேய்த்துக் கழுவவும். துடைத்துப் பூட்டவும். படித்து முடித்ததும் முதலாளி, சரியாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள்.

வெல்டர் பொறியை நிறுத்தி முகமூடியை மேலே தள்ளினார். என் பக்கம் திரும்பவில்லை.

"உருண்டைக்கு ரெண்டு பக்கமும் வெள்ள வாஷரு கீதே. அத்த யாரு எடுப்பா? அதுக்குக் கீயதான் மொத்த அயுக்கும்."

அப்படியே நின்று, ஐந்தாவது படியாக அதை எழுதிச் சேர்த்தேன். எழுதியதை உரக்கப் படித்தேன். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். மற்றபடி இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.